நாடி காணாமல் போனால் எந்த ஸ்கேன்?

(பொதுமக்களுக்காக ஆற்றிய மருத்துவச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ரத்தக்குழாய் என்றதும் நம் ஊரில் எல்லோருக்கும் அடைப்புதான் நினைவுக்கு வரும். கொழுப்பு படிந்துவிட்டது, ஆஞ்சியோ பார்த்தார்கள், ஸ்டென்ட் வைத்தார்கள் என்று வீட்டுக்கு வீடு ஒரு கதை இருக்கிறது. நான் இன்று பேச வந்தது வேறு. கொலஸ்ட்ரால் துளியும் ஏறாத, இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பெண்ணின் கைக்குப் போகும் தமனி சுருங்கிப்போகிறதே, எதனால்? ஒரு மாதமாகத் தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்த எழுபது வயதுப் பெரியவருக்குத் திடீரென்று ஒரு காலையில் ஒரு கண் இருண்டுவிடுகிறதே, எதனால்? ரத்தக்குழாயின் சுவரே அழற்சி கண்டு வீங்கும் நோய்கள் ஒரு கூட்டமாக இருக்கின்றன. வாஸ்குலைட்டிஸ் என்பது அந்தக் கூட்டத்தின் பொதுப்பெயர். அவற்றைக் கண்டுபிடிப்பதில் ஸ்கேன் எவ்வளவு தூரம் கைகொடுக்கும், எங்கே கைவிடும் என்று பார்ப்போம்.

தமனியின் சுவரில் மூன்று அடுக்குகள். உள்ளே ரத்தம் உரசிக்கொண்டு ஓடும் வழவழப்பான மெல்லிய உறை, நடுவில் தசையும் மீள்நாரும், வெளியே நார்த்திசு. நம்மைக் காக்கவேண்டிய நோயெதிர்ப்பு செல்கள் இந்தச் சுவருக்குள் புகுந்து அங்கேயே தங்கிவிடுகின்றன. சுவர் நீர்கோத்துத் தடிக்கிறது. தடிப்பு உட்பக்கம் பெருத்தால் ரத்தம் போகும் பாதை குறுகும், நாளடைவில் அடைபடும். நடு அடுக்கு அரிபட்டுப் பலம் இழந்தால் சுவர் வெளியே புடைக்கும், அதுதான் அன்யூரிசம். ஆக, நோய் முதலில் சுவரில் வருகிறது. பாதையில் அதன் விளைவு தெரிய மாதங்கள் ஆகலாம், ஆண்டுகளும் ஆகலாம். இந்த இடைவெளியை மனதில் இருத்திக்கொள்ளுங்கள். எந்த ஸ்கேன் எதற்கு என்பதெல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

இந்த நோயை மனிதர்கள் முதலில் பார்த்தது பிணவறையில்தான். 1866இல் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் குஸ்மால், மையர் என்ற இரு மருத்துவர்கள் 27 வயதுத் தையல் தொழிலாளி ஒருவரின் உடலைத் திறந்தபோது, தமனிகள் நெடுகிலும் வெறுங்கண்ணுக்கே தெரியும்படி முடிச்சு முடிச்சாக இருந்தது. ஆள் உயிரோடு இருக்கும்போதே ரத்தக்குழாயைப் பார்க்க வழி உண்டா? அன்றைக்கு ஒரே ஓர் இடத்தில் உண்டு. அது விழித்திரை. ஜப்பானின் கனசாவா நகரில் கண் மருத்துவராக இருந்த மிகிதோ டகாயாசு, இருபதைத் தாண்டிய ஒரு பெண்ணின் விழித்திரையில் பார்வை நரம்பைச் சுற்றி மாலை கட்டியதுபோல் ரத்தக்குழாய்கள் பின்னிக் கிடந்ததைப் பார்த்தார். 1905இல் கண் மருத்துவர்கள் கூட்டத்தில் சொன்னார். 1908இல் அச்சில் வந்தது. அதைக் கேட்ட சக மருத்துவர்கள் ஓனிஷியும் ககோஷிமாவும், எங்களிடமும் இப்படிப்பட்டவர்கள் வந்திருக்கிறார்கள், அவர்களுக்கு மணிக்கட்டில் நாடியே இல்லை என்றார்கள். கண்ணில் பின்னிக் கிடந்த குழாய்கள் நோயே அல்ல. தலைக்குப் போகும் பெருங்குழாய்கள் அடைபட்டதால் ரத்தத்துக்குத் தவித்த விழித்திரை தானே போட்டுக்கொண்ட மாற்றுவழி. கண் மருத்துவர் பார்த்த அடையாளமும் நாடி பார்த்தவர்கள் கண்ட குறையும் ஒன்றாகச் சேர்ந்தபோதுதான் நோய் உருவம் பெற்றது. அந்த நோய்க்கு இன்று டகாயாசுவின் பெயர்தான்.

இனி நம் ஊருக்கு வருவோம். பதினெட்டு வயதுக் கல்லூரி மாணவி ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஆறு மாதமாக உடம்பில் அசதி, அவ்வப்போது லேசான காய்ச்சல், எடை குறைகிறது. மொட்டை மாடியில் கையை உயர்த்தித் துணி காயப்போட்டால் இடக்கை சோர்ந்து வலிக்கிறது, இறக்கினால் சரியாகிவிடுகிறது. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். அளவு அதிகம். காசநோயாக இருக்குமோ என்ற சந்தேகம் நம் நாட்டில் முதலில் எழுவதில் தப்பில்லை. பிபி பார்க்க இடக்கையில் பட்டையைச் சுற்றுகிறார் நர்ஸ். கருவி எண் எதையும் காட்டவில்லை. “மிஷின் சரியில்லைம்மா, அந்தக் கையை நீட்டு” என்கிறார். வலக்கையில் 160. அந்த எண்ணை மட்டும் சீட்டில் எழுதுகிறார்கள். பதற்றத்தில் ஏறியிருக்கும் என்கிறார்கள். இடக்கையில் எண் வராமல் போனது எங்கேயும் பதிவாகவில்லை. நோயே அதில்தான் இருந்தது.

இரண்டு கைக்கும் மேல் அளவில் 10 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருக்கிறதா, கழுத்தெலும்புக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப் வைத்தால் ரத்தம் இரையும் சத்தம் கேட்கிறதா, முழங்கையில் நாடி தளர்ந்திருக்கிறதா என்பதெல்லாம் 1990இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் வகுத்த அடையாளங்களில் வருகின்றன. காசு செலவில்லாத சோதனைகள். இன்னொரு நுணுக்கமும் உண்டு. இரண்டு கைக்கும் போகும் தமனிகளும் சுருங்கிவிட்டால் இரண்டு கையிலும் பிபி சாதாரணமாகக் காட்டும். உள்ளே, இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனியில் 200 இருக்கலாம். அப்போது காலில் அளந்தால்தான் உண்மை வெளிவரும். இந்தியாவில் டகாயாசு நோய் வயிற்று மகாதமனியையும் சிறுநீரகத் தமனிகளையும் அதிகமாகப் பிடிக்கிறது. ஜப்பானில் மார்புக்குள் இருக்கும் மகாதமனி வளைவும் அதன் கிளைகளும் அதிகம் பாதிக்கப்படுகின்றன. ஆகவே நம் நாட்டில் இளம் வயதில் பிபி ஏறியிருந்தால் கையையும் காலையும் தொட்டுப் பார்க்காமல் மாத்திரை எழுதுவது எனக்குச் சம்மதமில்லை.

இந்தப் பெண்ணுக்கு எந்த ஸ்கேன்? முப்பது ஆண்டுகளுக்கு முன்பு கேட்டிருந்தால் பதில் ஒன்றே ஒன்றுதான்: ஆஞ்சியோகிராம். லிஸ்பன் நகரத்து மருத்துவர்கள் தொடங்கிவைத்த கலை அது. எகாஸ் மோனிஸ் 1927இல் மூளையின் ரத்தக்குழாய்களையும், ரெய்னால்டோ தோஸ் சான்டோஸ் 1929இல் மகாதமனியையும் சாய மருந்து செலுத்தி எக்ஸ்ரேயில் படமெடுத்தார்கள். தொடைத் தமனியில் ஊசி குத்தி, அதன் வழியே கம்பியும் கம்பியின் மேல் குழலுமாக நுழைக்கும் முறையை ஸ்வீடனின் செல்டிங்கர் 1953இல் கொண்டுவந்த பிறகு உலகமெங்கும் அது பரவியது. டகாயாசு நோய் உடம்பில் எங்கெங்கே பரவியிருக்கிறது என்பதை வைத்து 1994இல் சர்வதேச மாநாடு ஒன்றில் அதை ஐந்து வகையாகப் பிரித்தார்களே, அந்த வகைப்பாடே ஆஞ்சியோகிராம் படங்களை வைத்து எழுந்ததுதான்.

ஆனால் ஆஞ்சியோகிராமில் தெரிவது என்ன? சாய மருந்து ஓடிய இடம், அவ்வளவுதான். சுவர் மும்மடங்கு தடித்திருந்தாலும் பாதை குறுகாதவரை படம் நார்மல் என்றுதான் வரும். பாதை குறுகிவிட்ட பிறகு எடுத்தால் அந்தச் சுருக்கம் இன்றைய அழற்சியால் வந்ததா, பத்து ஆண்டுக்கு முன் வந்து ஆறிப்போன தழும்பா என்று படத்துக்குத் தெரியாது. மருந்து கொடுக்க வேண்டுமா, பலூன் வைத்து விரிக்க வேண்டுமா என்பதோ அந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது. 2018இல் ஐரோப்பிய வாதநோய் கூட்டமைப்பு வெளியிட்ட பரிந்துரைகளில், பெரிய ரத்தக்குழாய்களின் அழற்சியைக் கண்டுபிடிக்க வழக்கமான ஆஞ்சியோகிராம் வேண்டாம் என்றே எழுதிவிட்டார்கள்.

அதற்காக ஆஞ்சியோகிராமை மூட்டை கட்டிவிட முடியாது. குஸ்மாலும் மையரும் பார்த்த அந்த முடிச்சு நோய் சிறுநீரகத்துக்கும் குடலுக்கும் போகும் நடுத்தரக் குழாய்களைப் பிடிக்கும். அங்கே வரும் சின்னஞ்சிறு புடைப்புகளை மிகத் தெளிவாகக் காட்டுவது இன்றைக்கும் குழல்வழி ஆஞ்சியோகிராம்தான். பீடி, சிகரெட் பழக்கமுள்ள இளம் ஆண்களுக்குக் கால்விரல் கறுத்து அழுகும் பர்ஜர் நோயை நம் அரசு மருத்துவமனைகளில் பார்க்காத அறுவை மருத்துவர் இருக்க மாட்டார். 1908இல் நியூயார்க்கில் லியோ பர்ஜர் விவரித்த நோய். முழங்காலுக்குக் கீழே தமனி திடீரென்று நின்றுபோய், சுற்றிலும் சுருள் சுருளாக மெல்லிய கிளைகள் ஓடும் அந்தப் படத்தை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். படம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அந்த நோய்க்கு முதல் வைத்தியம் புகையை அடியோடு விடுவது. பாதியாகக் குறைத்துக்கொள்கிறேன் என்கிற பேரம் அங்கே செல்லாது.

இப்போது சுவருக்கு வருவோம். சுவரைப் பார்க்கும் காலம் நம்மிடம் ஏற்கெனவே இருந்த, விலை மலிவான கருவியிலிருந்தே தொடங்கியது.

ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வரும் ஒரு ரத்தக்குழாய் அழற்சி இருக்கிறது. ராட்சத செல் தமனி அழற்சி என்பார்கள்; நெற்றிப்பொட்டில் ஓடும் தமனியைப் பிடிப்பதால் டெம்பரல் ஆர்டிரைட்டிஸ் என்ற பழைய பெயரும் உண்டு. 1890இல் லண்டனில் ஜொனாதன் ஹட்சின்சன் விவரித்த முதியவருக்கு, தலையில் தொப்பி வைக்க முடியாத அளவுக்கு நெற்றியோரத்தில் சிவந்து வலித்த கோடுகள் இருந்தன. தலை வாரும்போது சீப்பு பட்டால் வலி, இரண்டு வாய் மென்றதும் தாடை சோர்ந்து வலிப்பது, புதிதாக வந்த தலைவலி ஆகியவை இதன் அடையாளங்கள். வட ஐரோப்பியர்களிடம் மிக அதிகம். நம்மிடம் குறைவாகவே பதிவாகிறது. ஆனால் நம் மக்கள்தொகையிலும் முதியவர்கள் பெருகிக்கொண்டே போகிறார்கள். அறுபது, எழுபதில் புதிதாக வரும் தலைவலியை, கண்ணாடி பவர் மாறியிருக்கும் என்று தள்ளிவிடுவது ஆபத்து. கண் நரம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்தமனிகள் அடைபட்டால் பார்வை போய்விடும். போனது பெரும்பாலும் திரும்பாது. சிகிச்சை இல்லாவிட்டால் சில நாட்களில், சில வாரங்களில் அடுத்த கண்ணும் போகலாம்.

இதை உறுதிப்படுத்த நெற்றிப்பொட்டுத் தமனியில் ஒரு துண்டு வெட்டியெடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது, அதாவது பயாப்சி, நீண்டகால வழக்கம். சிக்கல் என்னவென்றால், அழற்சி தமனி முழுக்கச் சீராக இருக்காது, விட்டுவிட்டு இருக்கும். வெட்டிய துண்டு நல்ல இடத்திலிருந்து வந்துவிட்டால் ரிப்போர்ட்டும் நல்லபடியாகவே வரும். 1997இல் பெர்லினைச் சேர்ந்த வோல்ஃப்காங் ஷ்மிட் குழுவினர் கலர் டாப்ளர் அல்ட்ராசவுண்டை அந்தத் தமனியின் மேல் வைத்துப் பார்த்தார்கள். நோய் உறுதியான 30 பேரில் 22 பேருக்கு, ரத்தம் ஓடும் நிறத்தைச் சுற்றி இருட்டாக ஒரு வளையம் தெரிந்தது. ஹேலோ என்று பெயரிட்டார்கள். அது நீர்கோத்துத் தடித்த சுவர். அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்தபின் சராசரியாக 16 நாளில் வளையம் மறைந்தது.

எப்படிப் பார்க்கிறோம் என்று கொஞ்சம் விளக்குகிறேன், முன்வரிசையில் இருக்கும் மருத்துவ மாணவர்களுக்காக. காதுத் துவாரத்துக்கு முன்னே இருக்கும் சின்னக் குருத்தெலும்பை விரலால் தொட்டால் அதற்குச் சற்று முன்பாக நாடி துடிப்பது தெரியும். அங்கே தொடங்க வேண்டும். வயிற்றுக்கு வைக்கும் சாதாரணக் கருவி இதற்கு உதவாது. 15 மெகாஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல் வேண்டும். தாராளமாக ஜெல் ஊற்றி, கருவியின் பாரம் தோலில் விழாதபடி பிடிக்க வேண்டும். கொஞ்சம் அழுத்தினாலும் தமனி நசுங்கி மறைந்துவிடும். அந்தத் தமனியே 2 மி.மீ. அகலம்தான். அதன் சுவர் அரை மி.மீ. கூட வராது. அடித்தண்டில் சுவர் 0.42 மி.மீ.க்கு மேல் தடித்திருந்தால் சந்தேகம். நெற்றிக்குப் போகும் கிளையில் 0.34, உச்சந்தலைப் பக்கம் போகும் கிளையில் 0.29. பிறகு வேண்டுமென்றே அழுத்திப் பார்ப்போம். நல்ல தமனி அழுத்தத்தில் காணாமல் போகும். வீங்கிய சுவர் அழுத்தினாலும் கறுப்பாக நின்று காட்டும். அப்படியே அக்குளுக்கு இறங்கி அங்கே ஓடும் தமனியையும் பார்க்க வேண்டும். அங்கே கணக்கு 1 மி.மீ. தலையில் ஒன்றும் தெரியாமல் அக்குளில் மட்டும் நோய் வெளிப்படுபவர்கள் உண்டு. அக்குள் பார்க்காமல் நார்மல் என்று எழுதிய ரிப்போர்ட் அரைகுறை ரிப்போர்ட்.

இது பயாப்சியை விரட்டிவிட்டதா? 2016இல் வெளிவந்த டாபுல் என்ற ஆய்வில், சந்தேகத்தோடு வந்த 381 பேருக்கு இரண்டையும் செய்து பார்த்தார்கள். நோய் உள்ளவர்களில் பயாப்சி 39 சதவீதம் பேரைப் பிடித்தது. அல்ட்ராசவுண்ட் 54 சதவீதம் பேரைப் பிடித்தது. நோய் இல்லாதவர்களை இல்லை என்று சரியாகச் சொன்னதில் பயாப்சி 100, அல்ட்ராசவுண்ட் 81. இந்த எண்களைக் கேட்டுச் சிலர் சோர்ந்துபோகிறார்கள். எனக்கு இதில் கிடைப்பது நேரடியான பாடம்: இரண்டில் எது நார்மல் என்று வந்தாலும் நோய் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. பார்ப்பவரின் கைத்திறன் வேறு, கருவியின் தரம் வேறு. வயதானவர்களுக்குக் கொழுப்புப் படிவாலும் சுவர் தடிக்கும். அதை ஹேலோ என்று எழுதிவிட்டால் ஒருவர் வேண்டாத ஸ்டீராய்டை ஆண்டுக்கணக்கில் விழுங்குவார்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கண்ணுக்கு ஆபத்து என்று தோன்றினால் ஸ்கேனுக்காக ஸ்டீராய்டைத் தள்ளிப்போடக் கூடாது. மருந்தைத் தொடங்கிவிட்டு, கூடியவரை 72 மணி நேரத்துக்குள் ஸ்கேன் எடுங்கள் என்கிறது 2023இல் புதுப்பித்த ஐரோப்பியப் பரிந்துரை. நாள் ஆக ஆக மருந்து வளையத்தை அழித்துவிடும். இங்கிலாந்தின் சவுத்எண்ட் மருத்துவமனையில், சந்தேகம் எழுந்த உடனே நோயாளியை நேராக வரவழைத்து அல்ட்ராசவுண்ட் பார்க்கும் ஏற்பாடு செய்தபின், நிரந்தரமாகப் பார்வை இழந்தவர்கள் 37 சதவீதத்திலிருந்து 9 சதவீதமாகக் குறைந்தார்கள். புதிய மருந்து எதுவும் இல்லை. காத்திருக்கும் நாளைக் குறைத்தார்கள்.

நம் மாணவியை நடுவில் விட்டுவிட்டேன். அவருக்கும் கழுத்தில் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்க்கலாம், வந்த அன்றைக்கே. கழுத்துத் தமனியின் சுவர் சுற்றிலும் ஒரே சீராகத் தடித்திருந்தால் டகாயாசு என்று சொல்ல அதுவே பெரிய ஆதாரம். ஜப்பானியர்கள் அதற்கு மக்ரோனி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கொழுப்புப் படிவு இப்படிச் சீராக இராது. மேடு பள்ளமாக, சுண்ணாம்பு கட்டி, ஒருபக்கமாக இருக்கும். ஆனால் அல்ட்ராசவுண்ட் எலும்பையும் காற்றையும் தாண்டாது. மார்புக்குள் இருக்கும் மகாதமனி அதற்கு எட்டாது. அங்கே போக எம்.ஆர்.ஐ. வேண்டும். டகாயாசு என்று சந்தேகித்தால் முதலில் எம்.ஆர்.ஐ. என்றுதான் பரிந்துரையும் சொல்கிறது. காரணம் எளிது. இந்த நோயாளிகளில் பெரும்பாலோர் இளம்பெண்கள். வாழ்நாளில் பலமுறை படமெடுக்க வேண்டியிருக்கும். எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை.

எம்.ஆர்.ஐ.யில் பாதை, சுவர் இரண்டும் கிடைக்கும். சுவரில் நீர் கோத்திருந்தால் அதற்கென்று இருக்கும் படவரிசையில் வெள்ளையாகத் தெரியும். மழைக்குப் பின் ஓதம் காத்த சுவரைக் கண்டுபிடிப்பதுபோலத்தான். கூடத்தின் அகலம் குறைந்திருக்காது, ஆனால் சுவரைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கடோலினியம் மருந்து செலுத்தினால் அழற்சி உள்ள சுவர் அதை உறிஞ்சிப் பளிச்சிடும். சிறுநீரகம் பழுதானவர்களுக்குச் சில வகைக் கடோலினியம் தோலையும் உள்ளுறுப்புகளையும் இறுகச் செய்யும் என்பதால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவைப் பார்க்காமல் போடக் கூடாது. டகாயாசு சிறுநீரகத் தமனியையும் பிடிக்கும் நோய் என்பதை மறந்துவிடாதீர்கள். எம்.ஆர்.ஐ. இல்லாத ஊரில், அல்லது அவசரத்தில், சி.டி. ஆஞ்சியோ போதும். சில விநாடிகளில் முடியும். தலையிலிருந்து தொடைவரை குழாய்களின் வரைபடம் கிடைக்கும். சுவர்த் தடிப்பும் ஓரளவு தெரியும். அறுவை சிகிச்சை திட்டமிடுபவர்கள் கேட்பது இதைத்தான். கதிர்வீச்சும் அயோடின் சாயமும் அதற்குக் கொடுக்கும் விலை.

பெட் ஸ்கேனைப் பற்றிக் கேட்கத்தான் பலர் வந்திருப்பீர்கள். புற்றுநோய்க்கு எடுப்பது அல்லவா என்பீர்கள். புற்றுசெல் சர்க்கரையை அதிகம் இழுக்கும். அழற்சியில் கொதித்துக்கொண்டிருக்கும் செல்லும் அப்படியே. கதிரியக்க ஃப்ளூரின் ஒட்டிய குளுக்கோஸை ஊசியில் ஏற்றிவிட்டு, ஒரு மணி நேரம் போல அசையாமல் படுக்கவைத்து, பிறகு படமெடுக்கிறோம். அந்த ஃப்ளூரின் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துவிடும். மகாதமனியின் சுவர், கல்லீரலைவிட அதிகமாக ஒளிர்ந்தால் அழற்சி உண்டு என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். மாதக்கணக்கில் காய்ச்சல், எல்லா டெஸ்ட்டும் நார்மல், ஈ.எஸ்.ஆர். மட்டும் நூறு என்று வரும் முதியவர்களுக்கு எங்கேயோ புற்றுநோய் ஒளிந்திருக்கிறது என்று தேடிப் பெட் எடுத்தால், மகாதமனி முழுக்க ஒளிர்ந்து நிற்கும். அந்த இடத்தில் பெட்டுக்கு நிகரில்லை.

ஆனால் இந்த ஸ்கேனுக்குப் பொறுமை கிடையாது. டென்மார்க்கில் 2018இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், ஸ்டீராய்டு தொடங்கி மூன்று நாளுக்குப் பிறகும் எல்லோரிடமும் நோய் படத்தில் தெரிந்தது. பத்து நாள் கழித்து எடுத்தபோது மூன்றில் ஒருவரிடம்தான் தெரிந்தது. ஆகவே ஏற்கெனவே இரண்டு வாரமாக ஸ்டீராய்டு சாப்பிட்டவருக்குப் பெட் எடுத்து, ஒன்றும் இல்லை என்று சொன்னால் அந்தச் சொல்லுக்கு மதிப்பு இல்லை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கும் படம் மங்கும். வெறும் வயிற்றில் வரச் சொல்வது அதனால்தான். சர்க்கரை நோயாளிகள் நிறைந்த நம் ஊரில் இது சின்ன விஷயமில்லை. செலவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு வம்பு இருக்கிறது. நோய் அடங்கி, நன்றாக நடமாடுபவர்களுக்குப் பெட் எடுத்தால்? அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் 2018இல் அப்படிப் பார்த்தார்கள். நோய் தணிந்த நிலையில் எடுத்த படங்களில் 58 சதவீதம் அழற்சி இருப்பதாகக் காட்டின. அதே நிறுவனம் 1994இல் 60 டகாயாசு நோயாளிகளைப் பற்றி வெளியிட்ட பழைய கட்டுரையில், நோய் அடங்கிவிட்டது என்று நம்பி அறுவை செய்தபோது எடுத்த தமனித் துண்டுகளில் 44 சதவீதத்தில் அழற்சி உயிரோடிருந்தது. துண்டுகளின் எண்ணிக்கை மிகக் குறைவு என்றாலும் ஒதுக்கிவிட முடியாத செய்தி. ஆக, உடம்பு நன்றாக இருக்கிறது என்பதும் ஈ.எஸ்.ஆர். இறங்கிவிட்டது என்பதும் முழு ஆறுதல் இல்லை. மறுபக்கம், ஒளிர்வதெல்லாம் நோயா, சுவர் தன்னைச் செப்பனிட்டுக்கொள்ளும் வேலையா என்பதும் தீராத வழக்கு. ஆளைக் கேட்காமல் படத்துக்கு மட்டும் வைத்தியம் செய்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. புதிதாக ஒரு நாடி போயிருக்கிறதா, புதிதாக ஒரு சுருக்கம் வந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் மருந்தைக் கூட்ட வேண்டும்.

நம் நாட்டு மருத்துவர்கள் இந்தச் சிக்கலுக்குச் செய்த ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். வேலூர் சி.எம்.சி., லக்னோ போன்ற இடங்களின் வாதநோய் மருத்துவர்கள் சேர்ந்து ஐடாஸ் 2010 என்ற மதிப்பெண் முறையை உருவாக்கி 2013இல் வெளியிட்டார்கள். அதில் 44 கேள்விகள். 33 ரத்தக்குழாய், இதயம் சம்பந்தப்பட்டவை. கடந்த மூன்று மாதத்தில் புதிதாக வந்தது, மோசமானது மட்டும்தான் கணக்கில் சேரும். ஸ்டெதாஸ்கோப்பும் பிபி கருவியும் இருந்தால் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் தாலுகா ஊரிலிருந்து வரும் குடும்பம் பாதியிலேயே வைத்தியத்தை விட்டுவிடும் என்று தெரிந்தவர்கள் செய்த கணக்கு அது. வெளிநாட்டு ஆய்வுகளும் இந்த அளவுகோலை எடுத்தாள்கின்றன.

குழந்தைகளை விட்டுவிடக் கூடாது. டோக்கியோவில் குழந்தை மருத்துவர் தோமிசாகு கவாசாகி 1967இல் 50 குழந்தைகளைப் பற்றி எழுதிய நோய்: ஐந்து நாளைக்கு மேல் விடாத காய்ச்சல், சிவந்த கண், வெடித்த உதடு, உடம்பில் தடிப்பு, வீங்கிய கை கால். இதயத்துக்கு ரத்தம் தரும் தமனிகள் புடைப்பது இதன் ஆபத்து. இங்கே ஸ்கேன் என்றால் இதயத்துக்கு எடுக்கும் அல்ட்ராசவுண்டான எக்கோதான். குழந்தையின் உடலளவுக்கு இருக்கவேண்டிய அகலத்தோடு ஒப்பிட்டுக் கணக்கிடுவார்கள், 8 மி.மீ.க்கு விரிந்துவிட்டால் அது ராட்சதப் புடைப்பு. முதல் எக்கோ பெரும்பாலும் நார்மலாகத்தான் வரும். அதைப் பார்த்துவிட்டுக் காத்திருப்பது பெரிய தப்பு. காய்ச்சல் தொடங்கிப் பத்து நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் ஏற்றினால், நூற்றுக்கு 25 குழந்தைகளுக்கு வரக்கூடிய புடைப்பு ஐந்துக்கும் கீழே இறங்குகிறது. ஒன்றிரண்டு வாரத்திலும், மறுபடி நான்கு முதல் ஆறு வாரத்திலும் எக்கோவைத் திரும்ப எடுப்பார்கள்.

மிகச் சிறிய குழாய்களைப் பிடிக்கும் அழற்சிகளில் நாங்கள் ஸ்கேன்காரர்கள் கையை விரிக்க வேண்டியதுதான். பெட் ஸ்கேனுக்கு நான்கைந்து மி.மீ.க்குக் கீழ் தெளிவு கிடையாது. நுண்ணிய ரத்தக்குழாயின் அளவோ மைக்ரான் கணக்கு. ஆங்கா என்ற ரத்தச் சோதனையும் சிறுநீரக பயாப்சியும்தான் அங்கே பேசும். சி.டி. காட்டுவது அழற்சியால் நுரையீரலில் விழுந்த கட்டியையும் குழியையும். நம் நாட்டில் நுரையீரலில் குழி என்றால் காசநோய் மாத்திரை தொடங்கிவிடுவார்கள். சளியில் கிருமி இல்லை, மூக்கிலிருந்து ரத்தப் பொருக்கு வருகிறது, சிறுநீரில் ரத்த அணுக்கள் இருக்கின்றன என்றால் அந்த மாத்திரையோடு நின்றுவிடாமல் மேலே தேட வேண்டும். இதற்கு மறுபக்கமும் உண்டு. காசநோயே மகாதமனியின் சுவரைத் தின்று புடைப்பை உண்டாக்கும், சிஃபிலிஸும் செய்யும். அதை வாஸ்குலைட்டிஸ் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் கிருமி பெருகும்.

கடைசியாக, ஸ்கேனுக்குப் போகிறவர்களுக்கு. ஸ்டீராய்டு எந்தத் தேதியில் தொடங்கியது, இப்போது எத்தனை மில்லிகிராம் என்று ஒரு தாளில் எழுதி எங்கள் கையில் கொடுங்கள். மருந்துச் சீட்டைவிட அது எங்களுக்கு முக்கியம். பழைய ஸ்கேனின் ரிப்போர்ட் மட்டும் போதாது, சி.டி. தகடோ பென்டிரைவோ, படம் வேண்டும். போன வருடம் 2.1 மி.மீ. இருந்த சுவர் இந்த வருடம் 3 மி.மீ. ஆகியிருக்கிறதா என்று ரிப்போர்ட்டைப் படித்துச் சொல்ல முடியாது. முடிந்தால் அதே இடத்தில், அதே வகை ஸ்கேனையே திரும்ப எடுங்கள். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் ஸ்கேன் அறைக்குள் போவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். எவ்வளவு நாளுக்கு ஒருமுறை எடுக்க வேண்டும் என்று கேட்பீர்கள். நோய் அடங்கியிருப்பவர்களுக்கு வழக்கமாகத் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும் என்று ஐரோப்பியப் பரிந்துரை சொல்லவில்லை. புதிய அறிகுறி வந்தால் உடனே. மற்றபடி குழாய் சுருங்குகிறதா, புடைக்கிறதா என்று பார்க்க நீண்ட இடைவெளியில், ஆளுக்கேற்றபடி.

இந்தக் கூட்டத்துக்கு பிபி கருவி இரண்டு கொண்டுவந்திருக்கிறோம். வெளியே வராந்தாவில் மாணவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். போகும்போது இரண்டு கையிலும் பார்த்துக்கொண்டு, இரண்டு எண்ணையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இனி கேள்விகளுக்கு வருவோம்.